தாய்மாமனுக்கு நேரில் ஓர் அழைப்பு

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் வருஷக்கணக்காக ரூம் புரோக்கராக இருக்கிறேன். முதுகில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. குடும்பத்தோடு காரில் வருகிறவன் எவ்வளவு பேரம் பேசினாலும் கடைசியில் ஒரு ரூமை எடுத்துத் தொலைப்பான். இந்த மூட்டைக்காரர்கள் வட்டக்கானலில் ஊரே படுக்கிற கூடத்தில் ஒரு கட்டிலைப் பிடித்து, ஒரே டீயை மத்தியானம் வரை குடித்து, மலை தங்களிடம் ஏதோ பேசியதாக எழுதிக்கொண்டு போவார்கள். மலை யாரிடமும் பேசாது. வில்பட்டியில் பிறந்த என்னிடமே பேசியதில்லை.

அப்படிப்பட்ட நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரீபியன் கடல் பக்கம் போக வேண்டிவந்தது. காரணம் என் மச்சினன், மனைவியின் தம்பி. மன்னவனூரில் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்த குடும்பம். இவன் கேட்டரிங் படித்துவிட்டு உல்லாசக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். கிளம்புகிற அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருக்கும்போது, "எச்சித் தட்டு கழுவுறதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனைத் தவிர. அதற்குப் பிறகு அவன் ஊர்ப்பக்கமே வரவில்லை.

வராததால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் என் மகளுக்குக் காது குத்த வேண்டும். எங்களில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அவளுக்கு இருப்பது இந்த ஒரே தாய்மாமன். ஒன்றுவிட்டவன் எவன் மடியாவது போதாதா என்றால் மனைவி காதிலேயே வாங்கவில்லை. மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மூளிக்காது என்று பிள்ளைகள் கேலி செய்வதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வருவாள். மனைவி தம்பிக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள்.

"மச்சான் நேர்ல வந்து அழைக்கட்டும்க்கா. வாரேன்" என்றான் அவன். கையோடு எனக்கு விமான டிக்கெட்டையும் அனுப்பிவிட்டான். கடல் தாண்டிப் போயும் முறை கேட்கிற திமிரைப் பாருங்கள்!

டிக்கெட் அவன் செலவு, தங்குவதும் தின்பதும் என் செலவு. அதனால்தான் மூட்டை. எவனோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய மூட்டையில் வெற்றிலைத் தட்டையும் குங்குமச் சிமிழையும் கட்டி அனுப்பினாள் மனைவி.

போய் இறங்கிய துறைமுக ஊர் எங்கள் பஸ் ஸ்டாண்டேதான், வெயில் மட்டும் கூடுதல். எல்லாக் கடையிலும் 'வீட்டில் செய்தது' என்று போர்டு. எங்கள் ஊர் 'வீட்டில் செய்த' சாக்லேட் எந்த வீட்டிலிருந்து லாரியில் வருகிறது என்று எனக்குத் தெரியும். என்னிடமேவா? சிம் கார்டு விற்க வந்தவனையும் விரட்டினேன். இரவு கூடத்தில் அடுக்குக் கட்டிலில் படுக்கை. யார் குறைவாகச் செலவழித்தோம் என்று அங்கே ஒரு போட்டி. மேல் கட்டில் பையன் என்னைப் பார்த்து, நீங்கள் கட்டாயம் ஒரு தடவை இந்தியாவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றான். கட்டாயம் போகிறேன் என்றேன்.

மச்சினனின் கப்பல் அந்த ஊருக்கு வராது. பக்கத்துத் தீவில் மறுநாள் ஒரு பகல் மட்டும் நிற்கும். நான் காலைப் படகைப் பிடித்துத் தீவுக்குப் போக வேண்டும். அவன் படகுத்துறைக்கு வந்துவிடுவான். பொழுது சாய்ந்தால் கப்பல் கிளம்பிவிடும்.

விடிந்ததும் துறைக்குப் போனேன். வெளுத்த தொப்பி போட்ட ஒருவன் ஓடி வந்தான். "பெரிய படகு இன்றைக்கு ஓடாது, இன்ஜின் கோளாறு. மீன் மார்க்கெட் பக்கத்திலிருந்து சின்னப் படகு இப்போதே கிளம்புகிறது, வாங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 'பில்லர் ராக்ஸ் இன்னைக்கு மூடிட்டாங்க சார், நம்ம ஜீப்புல வாங்க', 'அந்த லாட்ஜுல வெந்நீ வராது சார்.' ஆயிரம் முறை நான் சொன்ன வசனம். அந்த அவசரம், நம் மேல் அக்கறை உள்ளதுபோல ஒரு முகம், எல்லாம் அப்படியே. யார் காதில் பூச் சுற்றுகிறான்? உன் பாச்சா என்னிடம் பலிக்காது என்று தமிழிலேயே சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கூடத்தில் படுத்திருந்த மூட்டைக்காரர்கள் மட்டும் மன்னவனூர்ப் பண்ணை ஆடுகளைப்போல அவன் பின்னால் வரிசையாகப் போனார்கள். சத்தம் போட்டே சிரித்தேன்.

வெயில் ஏறியது. துறையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணும் படகு ஓடாது என்றாள். அவளையும் நம்பவில்லை. எங்கள் ஊரில் கூட்டுகிறவர்களுக்கும் கமிஷன் உண்டு. கடைசியில் இரண்டு ஆட்கள் எண்ணெய் ஒழுக ஒழுக இன்ஜினையே கழற்றித் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார்கள். அப்போதுதான் நம்பினேன். மீன் மார்க்கெட்டுக்கு ஓடினேன். சின்னப் படகு எப்போதோ போயிருந்தது. இனி நாளைக்குத்தான் என்றார்கள்.

கூடத்துக்குத் திரும்பினால் நெட் இருந்தது. மச்சினனுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். என்னவென்று எழுதுவது? ஒரு புரோக்கர் உண்மையைச் சொன்னான், இன்னொரு புரோக்கர் நம்பவில்லை என்றா? போனை அணைத்து வைத்தேன்.

மறுநாள் சின்னப் படகில் ஏறினேன். கப்பல் போயிருக்கும் என்று தெரிந்தும் மனம் கேட்கவில்லை. மலை வளைவில் வாந்தி எடுக்கிற மதுரைக்காரர்களைப் பார்த்து வாழ்நாளெல்லாம் சிரித்தவன், தீவு வரும்வரை படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடலைக் கக்கினேன். தீவுத் துறையில் ஒரு நாய் படுத்திருந்தது. முந்தின நாள் வந்த மூட்டைக்காரர்கள் மணலில் கிடந்தபடி எனக்குக் கை காட்டினார்கள். அவர்களை எனக்கு அப்போது இன்னும் கூடுதலாகப் பிடிக்காமல் போனது.

திரும்பும் வழியெல்லாம் போனைத் திறக்கவே இல்லை. பொய்யை முகத்துக்கு நேராகச் சொன்னால்தான் எடுபடும். அது எங்கள் தொழில் ரகசியம். வில்பட்டி வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"போன சோலி என்னங்க ஆச்சு?"

"பாத்தேன், தட்டு நீட்டி முறையா அழைச்சேன். லீவு இல்லை, வர முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டான். நல்லாப் பெருத்துட்டான். அந்தக் கொழுப்புதான்" என்றேன்.

அவள் கையில் இருந்த பல்லை உரித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நேத்துத் தம்பி போன் பண்ணுனான். மச்சான் அழைக்க வாராகன்னு வேட்டி கட்டிக்கிட்டு, அந்தப் படகுத்துறையில வெள்ளனே இருந்து பொழுது சாயுற வரைக்கும் நின்னானாம். கப்பக்காரங்க வந்து இழுத்துட்டுப் போயிருக்காங்க. 'மச்சானுக்கு என்னமும் ஆயிருச்சோன்னு பயமாக் கெடக்குக்கா'ன்னு அழுதான்."