சாமித்தட்டில் ஒரு நண்டு

கரிபியன் தீவிலிருந்து திரும்பிய மறுநாள், என் கணவர் தன் சப்பாத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சங்கை வெளியே எடுத்தார். எனக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. அங்கே எங்களைக் கூட்டித் திரிந்த வழிகாட்டிப் பெண் அவ்வளவு சொல்லியிருந்தாள். கிளைக்குக் கிளை தாவும் பச்சைப் பல்லிகள், நகத்தில் ஏறி உட்காரக்கூடிய தவளை எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் மணலில் ஒரு நண்டைக் காட்டினாள். சங்கு கிடைக்காமல் அது போத்தல் மூடியொன்றைச் சுமந்து திரிந்தது. இங்கே சங்கு பொறுக்காதீர்கள், இவற்றுக்கு அதுதான் வீடு என்றாள். இவரும் பக்தியோடு தலையாட்டினார்.

"வெறும் கோதுதானப்பா. சாமித்தட்டில வைச்சா வடிவா இருக்கும்," என்றார்.

கடலில் கிடந்ததை அப்படியே சாமிக்கு முன்னால் வைக்கக்கூடாது என்று மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தார். பிறகு திருநீறு பூசிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். பின்னேரம் நான் தேத்தண்ணீர் ஊற்றும்போது மகள் தணிந்த குரலில் கூப்பிட்டாள். "அம்மா, கம் ஹியர். உது மூவ் பண்ணுது."

சங்கு தட்டின் விளிம்புக்கு வந்திருந்தது. உள்ளேயிருந்து ஊதா நிறக் கொடுக்கு ஒன்று நீண்டது.

மகள் போனில் தேடி வாசித்தாள். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் அதற்கு மூச்சு முட்டுமாம். ஹீற்றர் காற்றில் எங்கள் உதடுகளே வெடித்துக் கிடந்தன. குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, போதாததற்கு இடியப்பப் பானையையும் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் வைத்தேன். ஈரத் துவாயில் நண்டை விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் குந்தியிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அது சங்கைவிட்டு முழுதாக வெளியே வந்துவிட்டது. பின்னுடல் சுருண்டு, தோல் உரித்ததுபோல மெத்தென்றிருந்தது.

"மஞ்சள் ஒத்துக்கொள்ளேல்லை, அப்பா. இனி உதுக்குள்ள போகாது. வேற ஷெல் இல்லாட்டி செத்துப்போகும்." மகள் போனை அவரிடம் நீட்டினாள்.

வெளியே எங்கள் மோர்னிங்சைட் பகுதி முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைகள் நேரத்தோடு பூட்டிவிட்டன. எனக்குப் பயத்தில் கோபம்கூட மறந்துபோயிற்று.

இவர் எழும்பிப் போனார். திரும்பி வந்தபோது கையில் வெண்சங்கு இருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையாருக்குத் தண்ணீர் வார்ப்பது அந்தச் சங்கால்தான். என்னைக்கூடத் தொட விடமாட்டார்.

"குடுக்கலாமோ?"

"உங்கட சங்கு. நீங்கள்தான் சொல்லோணும்," என்றேன்.

துவாயில் கிடத்தினார். நண்டு கொடுக்கை உள்ளே விட்டு ஆழம் பார்த்தது. பிறகு விலகிப் போனது. மறுபடியும் வந்து, சங்கைப் பற்றிப் பிடித்து, பின்னுடலை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை இவர் பிள்ளையாருக்குச் செம்பால் தண்ணீர் வார்த்தார். கும்பிட்டு முடித்ததும் நண்டு குடியிருந்த குளியலறைப் பக்கம் போனார். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.