எண்ணெய்க்கு நின்ற யானை

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் நாறும்பூநாதனைக் கையில் பிடிக்க முடியாது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிட நிற்கிறவர்களில் அவரும் ஒருவர்தான். அப்படிச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "மத்தவனுவ எண்ணெயப் பூசுதானுவ. நான் தேய்க்கேன்" என்பார். முதுகில் கை வைத்ததும் ஆளைச் சொல்லிவிடுவாராம். இவர் லாரி ஓட்டுகிறவர், இவர் நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவர், இவருக்கு வீட்டில் நிம்மதி இல்லை. மூன்றாவதை யாரிடம் சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வார்கள் என்று அவர் மனைவி முத்துசெல்வி கேலி செய்வாள்.

சொந்த ஊர் கடையம் பக்கம். நெல் விவசாயக் குடும்பம். பங்கு பிரித்ததில் வயல் அண்ணன்மார் பக்கம் போய்விட, இவர் கையை மட்டும் எடுத்துக்கொண்டு குற்றாலம் வந்தார். சீசன் முடிந்தால் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தைக்கிற வேலை. அங்கே அவர் கையை யாரும் மெச்சுவதில்லை. அதனால் வைகாசி பிறந்ததுமே மலையைப் பார்த்துக்கொண்டு திரிவார்.

இப்படி இருக்கிற மனுஷனிடம்தான் பாண்டிராஜ் வந்தான். செங்கோட்டை ரோட்டில் மாந்தோப்பு வாங்கி ரிசார்ட் போட்டவன். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். நீச்சல் குளம் கட்டிப் பார்த்தான். அருவி சும்மா கொட்டுகிற ஊரில் குளத்துக்கு எவன் வருவான்? ஆகவே மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து சீசனுக்கு ஒரு யானையைக் கொண்டுவந்தான். தாமோதரன் என்று பெயர், தாமு என்று கூப்பிட்டார்கள். பெரிய கொம்பன். கூடவே பாகன் சசிதரன், ஆரியங்காவுக்காரன். யானைமேல் ஏறித் தோப்பைச் சுற்றலாம், குளிப்பாட்டலாம், தந்தத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கலாம். பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பாண்டிராஜ் கேட்காதவர்களிடமும் சொன்னான்.

"அண்ணாச்சி, நீங்க யானைக்கும் தேய்ச்சு விடணும். போட்டோவுல நெத்தி மினுங்கணும்லா. வாரவங்களும் உங்ககூடச் சேந்து தேய்க்கட்டும். பொறவு அவங்களுக்கும் நீங்களே மசாஜ் போட்டு விடுங்க" என்றான் பாண்டிராஜ்.

நாறும்பூவுக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷ முதுகைத் தேய்த்தவர்கள் குற்றாலத்தில் ஆயிரம் பேர். யானை நெற்றியைத் தேய்த்தவர் யார்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

வேலை இப்படி. யானைமேல் ஏற மரத்தாலான ஒரு மேடை போட்டிருந்தார்கள். நாறும்பூ அதில் நின்று தாமுவின் நெற்றியில் எண்ணெயை விட்டுத் தேய்ப்பார். வந்தவர்கள் பயந்து பயந்து கை வைப்பார்கள். சசி கீழே காதோரம் நிற்பான். தாமு காதைக்கூட ஆட்டாமல், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

"பாத்தீங்களா, எப்படிச் சொக்கி நிக்குன்னு. சுகம். மனுசனுக்கும் யானைக்கும் சுகம் ஒண்ணுதான்" என்று நாறும்பூ விளக்கம் சொல்வார். வந்தவர்கள் அதை வீடியோ எடுத்துக்கொள்வார்கள்.

முத்துசெல்வி ஒருநாள் பார்க்க வந்தாள். அவள் நெற்றியைப் பார்க்கவில்லை. "கால்ல சங்கிலி ஒரசி புண்ணா இருக்கே. அதுல ரெண்டு சொட்டு போடலாம்லா?" என்றாள்.

"அது சசி பாடு. எனக்கு நெத்தி மட்டுந்தான்" என்றார் நாறும்பூ.

"நெத்தி சுகமா இருக்குன்னு அது வாயத் தொறந்து சொல்லிச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இவருக்கு அது உறைக்கவில்லை.

ஆடி மாதம் சாரல் நின்று பெய்துகொண்டிருந்தபோது ஒரு காலை, சசி யானையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஈரம் கோடாக இறங்கியிருந்தது.

"அண்ணாச்சி, கன்னம் நனஞ்சிருக்கே. இது எண்ணெய்தானா?"

"என் எண்ணெய்தாம்வே. நேத்து கொஞ்சம் தாராளமா விட்டுட்டேன், வழிஞ்சிருக்கு." தோளில் கிடந்த துண்டை எடுத்து நாறும்பூ இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்துவிட்டார். முகம் முழுக்க எண்ணெயாக இருக்கிற யானையில் எது எண்ணெய், எது வேறு என்று எப்படிப் பிரிப்பது? சசி கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு சங்கிலியை அவிழ்க்கப் போனான்.

மறுநாளும் ஈரம். சசி மறுபடி கேட்டான். இந்தத் தடவை நாறும்பூவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இத்தன வருசமா எண்ணெயிலயே கெடக்கேன். எனக்கு எண்ணெய் தெரியாதாவே?" என்றார். அதன்பிறகு சசி கேட்கவில்லை. அவர் தினமும் துடைத்தார்.

துண்டில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது என்று முடிவுகட்டி, டின்னைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கே போய்ச் செக்குக்காரரோடு மல்லுக்கு நின்றார். செக்குக்காரர் மோந்து பார்த்து, "ஒமக்கு மூக்குலதான் கோளாறு" என்றார். சண்டை போட்டு வேறு டின் வாங்கிவந்தார். அதிலும் அதே வாடை. சரி, மழையில் துண்டு காயவில்லை, அதனால்தான் என்று தேற்றிக்கொண்டார். யானையிடமிருந்து வருமோ என்று ஒரு தரம்கூட அவருக்குத் தோன்றவில்லை.

சசிக்கு வேறு விதத்தில் மனசு சரியில்லை. தாமு ஓலையைத் தின்னாமல் உதறுகிறது, சொன்னால் கேட்கப் பிந்துகிறது. பாண்டிராஜிடம் போய்ச் சொன்னான். நாறும்பூவும் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். "ஞாயித்துக்கெழம மட்டும் ஓட்டிரு சசி. புக்கிங் ஃபுல்லா கெடக்கு. திங்கக்கெழமயில இருந்து ரெஸ்ட் விட்டுருவோம்" என்றான் பாண்டிராஜ்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுமணத் தம்பதி யானைமேல் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நாறும்பூ கிண்ணத்தைச் சாய்த்தார். தாமு தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. மேடை சரிந்தது. கீழே விழுந்த நாறும்பூவின் கையைத் துதிக்கை சுற்றிப் பிடித்தது, இழுத்தது, பிறகு விட்டுவிட்டது. அவர் சேற்றில் புரண்டு தள்ளிப் போனார். மேலே இருந்த இருவரும் அலற, சசி முன்னால் ஓடிவந்து கத்தினான். அவர்கள் மாங்கிளையைப் பிடித்துத் தொங்கி, பின்பக்கமாக இறங்கித் தப்பினார்கள். சசி தப்பவில்லை. தாமு அவனை நெற்றியால் முட்டி, சரிந்த மேடையோடு சேர்த்து அழுத்தியது. தொடையெலும்பு நொறுங்கிவிட்டது. அதன்பிறகு யானை தானாகவே தோப்பின் கோடிக்குப் போய், மரத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றது.

கால்நடை டாக்டர் சண்முகப்பிரியா வனத்துறை ஆட்களோடு வந்து மயக்க ஊசி போட்டார். கன்னத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். "இது மதநீர். இன்னைக்கு நேத்து இல்ல, நாளாவே ஒழுகியிருக்கு. இத வெச்சுக்கிட்டா ஆள் ஏத்துனீங்க?" என்றார்.  நாறும்பூ துண்டைத் தோளிலிருந்து எடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

ஊர் வேறு கதை பேசியது. யானை அவர் கையைத் தெரிந்துகொண்டு விட்டுவிட்டது என்றார்கள். கோடி கொடுத்தாலும் கிடைக்காத பாசம் என்றார்கள். அந்தப் பேச்சின் நிழலில் நாறும்பூ கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார். பயத்துக்கு நடுவிலும் அது அவருக்கு இதமாக இருந்தது, பாவம்.

பாண்டிராஜ் தேடி வந்தான். "அண்ணாச்சி, விசாரணைல உங்களையும் கூப்பிடுவாங்க. சசி குடிச்சிருந்தான், வாடை அடிச்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவன் குடிக்கது ஊருக்கே தெரியும். மதம் அடங்குனதும் வேற பாகனப் போட்டு ஆரம்பிச்சிருவோம். இல்லன்னா மொத்தமா பூட்டிருவாங்க. உங்க பொழப்பும் அதுலதான இருக்கு."

சசி சில சாயங்காலம் குடிப்பான், உண்மைதான். அன்றைக்குக் குடிக்கவில்லை. ஆனால் குடித்திருந்தான் என்று எழுதிவிட்டால் அப்புறம் எவனும் அவன் கையில் யானையைக் கொடுக்க மாட்டான். தாமுவும் பழையபடி ஆள் சுமக்கும். 

மறுநாள் நாறும்பூ தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனார். சசி காலில் எடை கட்டிப் படுத்திருந்தான்.

"ஈரத்த நீ பாத்த. எங்கிட்ட கேட்ட. நான்தான் எண்ணெய்னு சொன்னேன்" என்றார் நாறும்பூ. "இத ஏன் நீ யார்ட்டயும் சொல்லல?"

"ஆனக்காரன் எண்ணெய்க்காரன்கிட்ட கேட்டு நடந்தான்னு சொல்லச் சொல்லுதீங்களா? அதுக்குக் குடிச்சிருந்தான்னு சொல்லுததே பரவால்ல, கேட்டோ." சசி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

 நாறும்பூவின் மனசில் கிடந்தது வாயில் வந்துவிட்டது. "என் கைக்கு அது எம்புட்டு சுகமா நிக்கும் சசி. அன்னைக்கும் என்னயப் புடிச்சுட்டு, தெரிஞ்சு விட்டுச்சே. உன்னய ஏன் இப்படிப் பண்ணிச்சு?"

சசி அவரையே பார்த்தான். கோபம் இல்லை, அலுப்புதான். "நீங்க தேய்க்கும்போது என்ட வலதுகை எங்க இருக்கும்?"

"காதுக்குப் பின்னால."

"கையில என்ன இருக்கும்?"

நாறும்பூ யோசித்தார். அவர் அதைப் பார்த்ததே இல்லை. நெற்றியைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

"அங்குசம் அண்ணாச்சி. அங்கன ஒரு பழைய புண்ணு உண்டு, ஆற விடாம வெச்சிருக்கது. அதுல முனைய வெச்சா மூச்சுக்கூட மெதுவாத்தான் விடும். தலைல யாரு கை வெச்சாலும் அதுக்குப் புடிக்காது. உங்க கையும் புடிக்காது, என் கையும் புடிக்காது. அன்னைக்கு உங்கள அது விடல. எண்ணெய் வழுக்கிருச்சு, அம்புட்டுதான்."

வெளியே வந்து நாறும்பூ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். அவமானமாக இருந்தது. மதநீரை எண்ணெய் என்று நினைத்தது தெரியாத்தனம். வலியைச் சுகம் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னதை என்னவென்று சொல்வது? அதை நம்பி எத்தனை பேர் பிள்ளைகளைத் தூக்கி அதன் நெற்றியில் கை வைக்கச் சொன்னார்கள்.

விசாரணையில் பாண்டிராஜ் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். பாகன் குடித்திருந்தாரா என்று சண்முகப்பிரியா கேட்டார்.

"இல்லம்மா. கன்னத்துல ஈரம் இருந்தத அவரு கேட்டாரு. நான்தான் எண்ணெய்னு சொல்லித் தெனமும் தொடச்சேன். யானை சரியில்லன்னு அவரு பாண்டிராஜ் தம்பிகிட்டயும் சொன்னாரு. தம்பிதான் ஞாயித்துக்கெழம ஓட்டச் சொன்னாவ." நாறும்பூ டாக்டர் பக்கம் நன்றாகத் திரும்பினார். "இன்னும் ஒண்ணு. அது விரும்பி நிக்குன்னு வந்தவங்ககிட்ட எல்லாம் நான்தான் சொன்னேன். அது பொய். காதுக்குப் பின்னால பாருங்க."

பாண்டிராஜ் எழுந்து வெளியே போனான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் நாறும்பூவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. யானைச் சவாரி நின்றது. சசிமேல் குடிப்பழி விழவில்லை. ஆனால் அவன் கால் பழையபடி வருமென்று டாக்டர்கள் சொல்லவில்லை. மதம் அடங்கியதும் தாமுவை அரசாங்க முகாமுக்குக் கொண்டுபோவதாக முடிவானது. அதுவரை மாந்தோப்பிலேயே, எட்ட நின்று தீனி போட்டார்கள்.

சாரல் ஓய்ந்து, தாமுவை ஏற்றிப்போக லாரி வருவதற்கு முந்தின நாள், நாறும்பூ தோப்புக்குப் போனார். கன்னம் காய்ந்துவிட்டது, இனி பயமில்லை, ஆனால் கயிற்றைத் தாண்டாதீர்கள் என்று சண்முகப்பிரியா சொன்னார். பக்கத்தில் பாகன் இல்லை, அங்குசம் இல்லை. பின்னங்கால் சங்கிலி மட்டும் மரத்தில் நீளமாகக் கட்டியிருந்தது. நாறும்பூ கையை நீட்டிக்கொண்டு கயிறு வரை போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். யானையிடம் அதை எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தாமு துதிக்கையை நீட்டிக் காற்றில் மோந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத எண்ணெய் அவர் கையில் இருந்தது. துதிக்கை சட்டென்று சுருண்டது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு அடி பின்னால் வைத்தது, இன்னொரு அடி வைத்தது. மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய், சங்கிலி விறைத்துப் புண்ணில் அழுந்தியும் நிற்காமல், இன்னும் தள்ளிப் போகப் பார்த்தது. மதம் இல்லாதபோது அது தன் இஷ்டத்துக்கு நடந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாறும்பூ கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. யானையைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்தார். சங்கிலி தொய்ந்து தரையில் படியும் வரை நடந்தார்.