ஆழமில்லாத இடம்

எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் ஓடிய சின்ன ஆறு மேப்பில்கூட இருக்காது. அதன் மேல் கிடந்த மூங்கில் பாலத்தை ஒருநாள் விடியற்காலையில் எங்கள் தெருக்காரர்களே பிரித்துப் போட்டார்கள். ஆட்சி மாறிவிட்டது, கூலியும் மாறித்தான் ஆகவேண்டும் என்று அப்பா மேடை இல்லாமலே முழங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. நிலத்துக்காரரான மிராசுதார் மசியவில்லை, எங்கள் தெருவில் யாரும் அறுப்புக்குப் போகவில்லை. அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. குறுவையை அறுக்க லாரியில் வெளியூர் ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. வயல் எங்கள் கரையில், ரோடு எதிர்க்கரையில். அவர்கள் அரிவாளோடு இந்தப் பக்கம் வந்துவிட்டால் எங்கள் போராட்டமும் அடுப்பும் ஒன்றாக அணைந்துவிடும்.

பள்ளிக்கூடமும் எதிர்க்கரையில்தான் இருந்தது. எனக்கு ஏழு வயது. பாலம் போனதில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் தெருவில் யாருமில்லை. அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அம்மா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

அதுவும் ஆழமான இடத்தில். புரட்டாசித் தண்ணீர் அவள் கழுத்துவரை வந்தது. கொஞ்சம் கீழே, நாங்கள் ஆடு ஓட்டிப்போகும் மணல் மேட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்காது. கலங்கலில் அது வெளியே தெரியாது. ஊர்க்காரர்கள் ஆற்றை ஆண்டார்களே தவிர அதில் இறங்கியதில்லை. இந்த அம்மாவுக்குப் புத்தி மழுங்கிவிட்டதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

எதிர்க்கரையில் லாரி நின்றது. வெளியூர் ஆட்கள் தண்ணீரைப் பார்த்துத் தயங்கினார்கள். மிராசுதாரின் ஏஜெண்ட் குடையை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தார்.

“ஏண்டி, புள்ளய முக்கிக் கொல்லவா போற? ஆழமில்லாத எடம் எதுன்னு காட்டு, போதும்.”

“எங்க எறங்குனாலும் ஆளு முங்கிடுமுங்க. வேணும்னா எறங்கிப் பாருங்க,” என்றாள் அம்மா.

பச்சைப் பொய். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையாக நான் கையைத் தூக்கி, “அங்க...” என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், அம்மாவுக்குக் கால் வழுக்கிவிட்டது. இருவரும் தண்ணீருக்குள் போனோம். மேலே வந்தபோது என் சிலேட்டைக் காணோம். நான் இருமி இருமி அழுதேன். பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக லாரியில் ஏறிக்கொண்டார்கள்.

கதிர் முற்றிக் கொட்ட ஆரம்பித்ததும் நாங்கள் கேட்ட கூலிக்கு மிராசுதார் இறங்கி வந்தார். நான்தான் இறங்கி வரவில்லை. சிலேட்டுக்காக அம்மாவோடு பேசாமல் இருந்தேன். ஆற்றில் வழுக்கி விழுந்தவள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவள் மறுக்கவுமில்லை. நாற்றுக்கட்டைச் சுமந்து சேற்று வரப்பில் ஓடுகிறவளுக்கு அதற்கு முன்னும் பின்னும் கால் வழுக்கியதே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது அங்கே கான்கிரீட் பாலம் இருக்கிறது. ஆனாலும் அந்த மணல் மேடு எங்கே என்று யார் கேட்டாலும், எங்கே இறங்கினாலும் ஆள் முங்கிவிடும் என்றுதான் சொல்வேன்.