அண்ணன் வண்டியில் எனக்கிருந்த வேலை

என் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. எட்டாம் வகுப்பு வரை படித்த எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் கடத்தூரில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் தவறிவிட்டதால் லாரி கிளீனராகப் போய், பிறகு அரூரில் ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். என் கணவர் இறந்ததும் என்னைத் தம் வீட்டுக்கே அழைத்துவந்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை.

காலைக் குளிரில் அந்த வண்டி லேசில் கிளம்பாது. அண்ணன் முன்னால் நின்று ஹேண்டில் சுற்றுவார். நான் உள்ளே உட்கார்ந்து, குளிரில் எஞ்சின் பிடிப்பதற்கான சோக் குமிழை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த வீட்டில் நான் வெறுமனே சோறு தின்னவில்லை என்று எனக்குத் தோன்றியது அந்த வேலையால்தான்.

பெட்ரோல் விலை ஏறியபோது, பட்டறை பாயிடம் சொல்லி டீசல் எஞ்சினுக்கு மாற்றினார். கார்புரேட்டர் போய், எண்ணெயைப் பீய்ச்சும் பம்பு வந்தது. மறுநாள் காலை தீர்த்தமலைக்குக் கல்யாணச் சவாரி. அண்ணன் சாவியைத் திருப்ப, நான் வழக்கம்போலப் பக்கத்தில் ஏறிக் குமிழை இழுத்தேன். எஞ்சின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. ஆள் அனுப்பியதும் பாய் வந்து, குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டார் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இத யாரு இழுத்து வெச்சது?"

"எங்க பாப்பாதான். எப்பவும் அதானே இழுக்கும்."

"அது இப்ப சோக் இல்லீங்க. பம்ப நிறுத்தற கம்பிய அந்தக் குமிழ்லதான் கட்டியிருக்கேன். இழுத்தா எஞ்சின் நின்னுரும். நேத்தே உங்ககிட்ட சொன்னேனே. அர மணி நேரமா நாம கிளப்பறோம், தங்கச்சி நிறுத்துது."

"எங்கிட்ட சொன்னீங்க. நான் அதுகிட்ட சொல்லல பாய்."

குமிழைத் தள்ளியதும் வண்டி கிளம்பிவிட்டது. நான் உள்ளே போய்விட்டேன். இனி அந்த வண்டிக்கு நான் வேண்டாம் என்பதுதான் மனதில் நின்றது.

அன்று சாயங்காலம் வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஹாரன் அடித்தார்.

"வந்து நிறுத்து பாப்பா."

"நீங்களே நிறுத்துங்கண்ணா."

"கிளப்பறதுக்குத்தான் நீ வேணாம். நிறுத்தறது உன் வேல. நீ வர்ற வரைக்கும் ஓடட்டும், டீசல்தானே."

அதன்பின் தினமும் அப்படித்தான். நான் போய்க் குமிழை இழுத்த பிறகே இறங்குவார்.

போன வருடம் ஒரு நாள் மத்தியானமே அந்தச் சத்தம் கேட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். ஓட்டுநர் இடத்தில், அண்ணனோடு டாக்சி ஸ்டாண்டில் வண்டி போடும் நண்பர் இருந்தார். அவருடையது பெட்ரோல் வண்டி, சாவியைத் திருப்பினாலே நின்றுவிடும்.

"சாவியத் திருப்பிட்டேன். நிக்க மாட்டேங்குது தங்கச்சி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் குமிழை இழுத்தேன்.

ஸ்டாண்டில் நெஞ்சு வலித்ததும் அண்ணனைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். பட்டறையை மூடிவிட்டு எங்களோடு இருந்த பாய்க்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் என் நன்றி. இப்போது அந்த வண்டியை ஓட்டுவதும் ஸ்டாண்டு நண்பரே. எங்கள் தெரு வழியாக வந்தால் எஞ்சினை ஓடவிட்டபடி வாசலில் நிற்கிறார். இதை நான் கேட்டதில்லை, அதற்கும் நன்றி. சத்தம் கேட்டு எழுந்து கதவைத் திறக்கும் வரை, வந்திருப்பது அண்ணன்தான்.