உபயக் கதவு

எங்கள் சவேரியார் கோயிலில் பிரசங்கம் தொடங்கியதும் ஆண்களில் பாதிப் பேர் வெளியே வந்துவிடுவார்கள். வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, நற்கருணை வாங்கும் நேரத்துக்குத்தான் உள்ளே திரும்புவார்கள். கோயில் கூட்டுகிறவள் என்பதால் வாசலோரம் என் இடம். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

இந்தத் தவக்காலத்தின் முதல் ஞாயிறு, இஞ்ஞாசிமுத்து அண்ணனும் வெளியே இருந்தார். ஆனால் சரளை மண்ணில் முழங்கால் போட்டிருந்தார். பூசை முடியும்வரை எழவில்லை.

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும் தச்சர் அவர். கோயிலின் தேக்குக் கதவு அவர் கொடுத்தது. பதினோரு வருடத்துக்கு முன் மகள் பெல்சி மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டார், பிள்ளை பிழைத்தாள். கதவின் மேற்பலகையில் 'இஞ்ஞாசிமுத்து – பவுலின் குடும்பத்தார் உபயம்' என்று வெட்டியிருந்தது. காய்ச்சல் கண்ட குழந்தைகளின் தலையை அந்தக் கதவில் தொட்டு எடுக்கும் பழக்கம்கூட எங்களுக்கு வந்துவிட்டது.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் ஆண்கள் தியானம் ஒன்றுக்குப் பத்துப் பேர் போனார்கள். ஒன்பது பேர் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். இவர் பேசாமல் வந்தார். புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கியவர், இடத்துக்குத் திரும்பாமல் அங்கேயே நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"இந்தக் கதவு திருட்டுக் கதவு."

கொத்தமங்கலத்தில் நீலாயதாட்சி ஆச்சி வீட்டுப் பின்கட்டை இவர்தான் பிரித்தார். இந்தக் கதவை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டு ஆச்சி சென்னைக்குப் போயிருந்தார். கரையான் அரித்துவிட்டது என்று பொய் சொல்லி எடுத்து வந்திருக்கிறார். மேற்பலகையில் இருந்த அவர்கள் குடும்ப விலாசத்தை, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை, செதுக்கித் தள்ளிவிட்டுத் தன் பெயரை வெட்டியிருக்கிறார்.

ஈஸ்டர் முடியட்டும், ஆச்சியிடம் நானே பேசுகிறேன் என்றார் ஃபாதர்.

"பேசுங்க ஃபாதர். ஆனா இது இங்க இருக்கிறவரைக்கும் இதத் தாண்டி நான் உள்ள வரமாட்டேன்."

அப்படித்தான் வெளியே முழங்கால் போட்டார். இரண்டாம் ஞாயிறே மற்ற ஆண்களுக்கு நிலைகொள்ளவில்லை. பங்குப் பேரவைச் செயலர் மரிய ஜெரால்டு வாத்தியார் வாய்விட்டே கேட்டார்.

"ஏப்பா இஞ்ஞாசி, உள்ள போய் முழங்கால் போடேன். நீ இங்க கெடந்தா நாங்க என்னத்தப் பேசுறது?"

"பேசுங்க சார். ஒங்களுக்கும் சேத்துத்தான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பக்கத்தில் நின்ற பெனோ சிரித்தான். "சாருக்கும் சேத்துன்னா ஒரு தவக்காலம் பத்தாதுண்ணே."

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஃபாதர் மந்திரிச்ச கதவு அது. சாமிக்குக் குடுத்ததத் திருப்பி எடுக்கிறது துரோகம்."

"திருடுனத அவருக்குக் குடுத்தேன் பாருங்க, அதுதான் சார் துரோகம்."

வீட்டில் பவுலின் அக்காவின் பயம் வேறு. ஒருநாள் கதவைக் கழற்ற அளவெடுக்க வந்தவரைக் கோயில் வாசலிலேயே மறித்தார்.

"எம்புள்ள உசுருக்கு நேந்தது. அதுல கை வச்சீகன்னா அவளுக்கு எதும் ஆயிரும்."

"கடவுள் கதவ லஞ்சமா வாங்கிக்கிட்டா புள்ளயக் குடுத்தாரு?"

அக்கா வழி விடவில்லை.

நான்காம் வாரம் சனிக்கிழமை மத்தியானம் உளி, சுத்தியலோடு வந்தார். உதவிக்கு ஒருத்தரும் போகக் கூடாது என்று வாத்தியார் எல்லோருக்கும் போன் போட்டிருந்தார். ஃபாதர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்; தடுக்கவில்லை.

முதலில் தன் பெயரைச் செதுக்கி எடுத்தார். தேக்குச் சிம்புகளை நான் கூட்டி அள்ளினேன். பிறகு இரட்டைக் கதவில் ஒன்றைக் கீலிலிருந்து விடுவித்தார். அது முழுப் பாரத்தோடும் அவர் தோளில் சாய்ந்தது. இறக்கவும் முடியவில்லை, நிமிர்த்தவும் முடியவில்லை. நான் துடைப்பத்தைப் போடுவதற்குள் பெல்சி ஓடிவந்து அடிப்பக்கத்தைப் பிடித்தாள். நர்சிங் படிக்கிற பிள்ளை. பின்னாலேயே வந்த பவுலின் அக்கா வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. பாரு, நல்லாத்தான இருக்கேன். நீயும் வந்து பிடி."

அக்கா அழுதுகொண்டேதான் வந்தார். ஆனால் பிடித்தார்.

அன்று சாயங்காலமே கதவையும் மேற்பலகையையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கொத்தமங்கலத்தில் நடந்ததைப் பெல்சி சொன்னாள். இப்போது அங்கேயே இருக்கும் ஆச்சி, செதுக்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாராம்.

"எங்க விலாசம் எங்கப்பா?"

"நாந்தான் ஆச்சி செதுக்குனேன்."

"கரையான்னு சொன்னியே."

"கரையான் இல்ல ஆச்சி. நாந்தான்."

ஆச்சி மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோயிலுக்கென்று கேட்டிருந்தால் வேறு கதவு கொடுத்திருப்பேன் என்றார். பிறகு, "புதுப் பலகை போட்டு மறுபடி வெட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

மறுநாள் ஞாயிறு, வாசலில் பச்சைத் தார்ப்பாய் தொங்கியது. இஞ்ஞாசிமுத்து அண்ணன் அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முதல் வரிசையில் முழங்கால் போட்டார். பிரசங்கத்துக்கும் எழுந்து வெளியே வரவில்லை.

பூசை முடிந்து வந்தவரை வாத்தியார் மரத்தடியிலிருந்தே கேட்டார். "தெரு நாயெல்லாம் கோயிலுக்குள்ள வருது. இப்பத் திருப்திதான?"

"நாய வெரட்டிரலாம் சார். பதினோரு வருசமா ஒரு திருடன் உள்ள வந்துக்கிட்டு இருந்தான். அவன யாரும் வெரட்டல."

மரத்தடியில் வைத்திருந்த உளிப் பையை எடுத்துக்கொண்டு கொத்தமங்கலம் பஸ்ஸுக்கு நடந்தார். விலாசத்தில் இன்னும் ஓர் எழுத்துக்கூட வெட்டியாகவில்லை.