ஆர்டிஸ் சேர்த்த இருபது பேர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் ஆர்டிஸ் டோர்க்கெல்சன் முப்பது வருடம் வேலை பார்த்தாள். அதில் பெரும்பகுதி நானும் பக்கத்து அடுப்பில் நின்றவள். அவளைப் பற்றி எழுத வெர்லாவை விட்டால் ஆள் இல்லை என்று ஊரில் சொல்கிறார்கள். எழுதக் கூச வேண்டியவளும் நான்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பாள், வாயும் அதற்கேற்ற நீளம். தட்டில் கேரட்டை ஒதுக்குகிற பிள்ளையைப் பார்த்தால், "என்ன சார், இதை உங்க வீட்டுப் பன்னிக்குக் கொடுத்தனுப்பட்டுமா? அதுவாவது மரியாதையா தின்னும்" என்பாள். பிள்ளை சிரித்துக்கொண்டே தின்றுவிடும்.

அரசியல் மட்டும் அவளுக்கு ஆகாது. அயோவாவில் பிறந்தவள் அப்படி ஒதுங்கியிருப்பது லேசான காரியம் இல்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிற அத்தனை பேரும் முதலில் எங்கள் மாநிலத்தில்தான் வந்து விழுகிறார்கள். எங்கள் ஆட்களுக்கும் அதில் தலைக்கனம் ஏறிவிட்டது. "வீட்டுக்கு வந்து ஒரு காபி குடிக்காத ஆளுக்கு எப்படிங்க ஓட்டுப் போடுறது?" என்று கூசாமல் கேட்பார்கள். ஒருவர் நம் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் அவர் நம்மவர் என்று முடிவுகட்டிவிடுவோம். மற்ற மாநிலத்தார் இந்த முட்டாள்தனத்தைச் செய்வதில்லை, அவர்கள் வீட்டுக்கு யாரும் போவதும் இல்லை.

ஆர்டிஸை இதற்குள் இழுத்தது அவள் மகள் கிர்ஸ்டனுக்கு நேர்ந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை ஒரு கம்பெனி வாங்கியது, லாபம் இல்லை என்று பிரசவ வார்டைப் பூட்டியது. அடுத்த வார்டு ஐம்பது மைல். பிப்ரவரிப் பனியில் கிர்ஸ்டனுக்கு வலி எடுத்தது, பாதி வழியில் கார் சிக்கிக்கொண்டது. பெண் குழந்தை காரிலேயே பிறந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்துபோனது. அதன்பிறகு இரண்டு வருடம் கிர்ஸ்டன் சர்ச்சுக்கு வரவில்லை, கடைக்கு வரவில்லை, நாலு பேர் கூடுகிற எந்த இடத்துக்கும் வரவில்லை.

அடுத்து வந்த தேர்தலில், ஒரே கட்சிக்குள் ஜனாதிபதி வேட்பாளர் ஆகப் போட்டியிட்டவர்களில் ஒருவர் அந்தக் கம்பெனியின் முதலாளி. ஊரில் அவரைக் கோடீஸ்வரர் என்றே சொல்வோம். இன்னொருவர் செனட்டர். மூன்றாமவர் வெளிமாநிலத்துக் கவர்னர்.

கவர்னர் ஆகஸ்டில் ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தார். ஒரு மணி நேரம் இருந்தார், ஆர்டிஸ் சுட்ட ‘ஆப்பிள் பை’ பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டார். கிர்ஸ்டன் தயங்கித் தயங்கிச் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், நானும் அங்கே இருந்தேன். "இந்த வார்டைத் திறக்க வைக்காம நான் ஓயமாட்டேம்மா" என்றார்.

அடுத்த மாதம் விளம்பரம் எடுக்க கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். கிர்ஸ்டன் மாடியை விட்டு இறங்க மறுத்தாள். ஆர்டிஸ்தான் மேலே போய்ப் பேசினாள். "ஒரே ஒரு தடவை சொல்லிடு கண்ணு. வார்டைப் பூட்டினவன் பக்கத்துல இந்த ஊர்ல ஒருத்தரும் நிக்கக்கூடாது. நான் பாத்துக்கறேன்."

அந்த விளம்பரம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓடியது. கோடீஸ்வரர் விடுவாரா? தினமும் வழவழப்பான தாளில் நாலு கடிதம் வந்து விழுந்தது, எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் முகத்தில்தான் பற்றியது. எல்லார் செலவையும் கூட்டிப் பார்த்தால் தேர்வுக் கூட்டத்துக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு தலைக்கும் இருநூறு டாலர் ஆகும் என்று பத்திரிகையில் போட்டார்கள். என் வீட்டுக்காரர் மெர்லின், "அந்த இருநூறை என் கையில குடுத்தா நானே பனியைத் தள்ளி ரோடு போட்டுட்டு வர்றேன்" என்றார்.

காசு கொட்டினால் ஜனம் வந்துவிடாது. எங்கள் ஊரில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப்பெட்டி கிடையாது. ஜனவரிக் குளிரில், மாலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்துக்கு வரவேண்டும். யாரை ஆதரிக்கிறாயோ அவர் பெயர் ஒட்டிய மூலையில், ஊரே பார்க்க, நிற்க வேண்டும். தலையை எண்ணி, அந்தக் கணக்குப்படி ஒவ்வொருவருக்கும் கட்சி மாநாட்டுக்குப் போகிற பிரதிநிதிகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். வழக்கமாக எங்கள் வட்டாரத்தில் முப்பத்தைந்து பேர் வந்தால் பெரிசு. அந்த வருடம் தொண்ணூறு பேர். அதில், எங்களையும் சேர்த்து, இருபது பேர் ஆர்டிஸ் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவர்கள். பனியில் இரண்டு முறை வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் கட்டோடு போனாள். நான் பட்டியலை வைத்துக்கொண்டு கூடவே போனேன்.

கிர்ஸ்டனும் வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு கூட்டத்துக்குள். அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

ஓய்வுபெற்ற தபால்காரர் வென்டல் ஸ்ட்ரூபே தலை எண்ணினார். செனட்டருக்கு ஐம்பத்தெட்டு, எங்களுக்கு இருபது, கோடீஸ்வரருக்கு ஒன்பது, முடிவெடுக்காதவர்கள் மூன்று. நூற்றுக்குப் பதினைந்து பேர் இல்லாத மூலை கலைய வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அது பதினாலு தலை. கோடீஸ்வரர் மூலை காலி என்று தெரிந்ததும் நாங்கள் கைதட்டினோம். ஆர்டிஸ் மகளைக் கட்டிக்கொண்டாள்.

"அரை மணி நேரம்! மூலை மாறுறவங்க மாறலாம்!" என்று வென்டல் கத்தினார். அப்போது ஆர்டிஸின் போன் அடித்தது. கவர்னரின் தலைமை அலுவலகத்திலிருந்து கேண்டஸ் என்ற பெண். பக்கத்தில் நின்ற எனக்கே அவள் குரல் கேட்டது.

"அருமையா பண்ணியிருக்கீங்க ஆர்டிஸ். இப்ப உங்காளுங்கள்ல அஞ்சு பேரை அந்தக் கோடீஸ்வரர் மூலைக்கு அனுப்புங்க. அவர் பதினாலு ஆயிட்டா செனட்டருக்கு ஒரு பிரதிநிதி குறையும். உங்ககிட்ட பதினஞ்சு மிச்சம் இருக்கும், நமக்கு நஷ்டமே இல்ல. வெறும் கணக்குதான்."

"யாரு மூலைக்கு?" என்றாள் ஆர்டிஸ். கேண்டஸ் திரும்பச் சொன்னாள்.

"எம் பொண்ணு இங்க நிக்கிறாம்மா. எங்காளுங்க ஒருத்தர் காலும் அங்க போகாது" என்று போனை மூடிவிட்டாள்.

இரண்டு நிமிடத்தில் என் போன் அடித்தது. நான் சுவரோரம் ஒதுங்கி எடுத்தேன். கேண்டஸ், "வெர்லா, உங்களுக்குத்தான் இது புரியும். ஆர்டிஸ் உணர்ச்சிவசப்படறாங்க. ஒரு நிமிஷம், கவர்னரே பேசறார்" என்றாள்.

அவர் குரல்தான். "வெர்லா, உங்க ஆப்பிள் பை இன்னும் நாக்குலயே இருக்கு. இந்த ஒரு உதவி பண்ணுங்க. நான் ஜெயிச்சாத்தானே வார்டைத் திறக்க முடியும்?"

பை சுட்டது ஆர்டிஸ். நான் அதைத் திருத்தவில்லை. ஜனாதிபதி ஆகப்போகிறவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார், எனக்குத் தலைகால் புரியவில்லை. மெர்லினையும் இன்னும் மூன்று பேரையும் தோளில் தட்டி, "கணக்குக்காகத்தான், சும்மா நிப்போம், வாங்க" என்றேன். மெர்லின் மட்டும், "ஆர்டிஸ்கிட்ட கேட்டியா?" என்றார். "கேட்டாச்சு" என்றேன். பொய்.

கூடத்தின் நடுவே நடந்தபோது பின்னால் கிர்ஸ்டன் கேட்டது காதில் விழுந்தது. "அம்மா, வெர்லா ஆன்ட்டி எங்க போறாங்க?"

"தண்ணி குடிக்கப் போறாடி" என்றாள் ஆர்டிஸ்.

நான் கோடீஸ்வரரின் பெயருக்குக் கீழே போய் நின்றேன். அந்த மூலையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், ஒருவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எதிர்மூலையில் கிர்ஸ்டன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலுக்கு நடந்தாள். ஆர்டிஸ் தன் சட்டையில் ஒட்டியிருந்த, கவர்னர் பெயர் போட்ட வில்லையைக் கிழித்து நாற்காலியில் வைத்துவிட்டு மகள் பின்னால் போனாள்.

வென்டல் கடிகாரத்தைப் பார்த்து, "நேரம் முடிஞ்சுது, யாரும் அசையக்கூடாது" என்றார். எண்ணினார். கோடீஸ்வரருக்குப் பதினாலு. கவர்னருக்குப் பதின்மூன்று, ஒரு தலை குறைவு.

"அய்யோ வென்டல், ரெண்டு பேரு இப்பத்தான் வெளிய போனாங்க, நான் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"விதின்னா விதிதான் வெர்லா. அதுவும் நீ எந்த மூலையில நின்னுக்கிட்டு பேசறேன்னு பாரு" என்றார் அவர். கூடமே சிரித்தது.

ஆக, வார்டைப் பூட்டியவருக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பிரதிநிதி கிடைத்தார். அந்தப் பிரதிநிதியை வாங்கிக் கொடுத்தது நான். கவர்னருக்கு ஒன்றுமில்லை. அடுத்த வாரமே அவர் போட்டியிலிருந்து விலகினார், விளம்பரம் நின்றது, கேண்டஸின் எண் உபயோகத்தில் இல்லை. வார்டு இன்றுவரை பூட்டித்தான் கிடக்கிறது.

திங்கட்கிழமை ஆர்டிஸ் வழக்கம்போல ஆறு மணிக்கு வேலைக்கு வந்தாள். இருவரும் சோள டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தோம். வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. "அந்தக் கவர்னர் நம்ம ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்திட்டான் ஆர்டிஸ்" என்றேன்.

அவள் டப்பாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவர் எங்கடி என்னை ஏமாத்தினார்? எங்க வீட்ல ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போனவர். அவருக்கு நான் யாரு? நீ இருபத்து மூணு வருஷமா எம் பக்கத்துல நிக்கிறவ."

மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஒன்றாகத்தான் வேலை பார்த்தோம். காலை வணக்கம் சொல்வாள், உப்பு கேட்டால் எடுத்துக் கொடுப்பாள், பிள்ளைகளைக் கேலி செய்யும்போது நான் சிரித்தால் தடுக்க மாட்டாள். மகள் பேச்சை மட்டும் என்னிடம் எடுக்கவே இல்லை. கிர்ஸ்டனுக்கு ஐம்பது மைல் தள்ளி ஒரு மகன் பிறந்ததை நான் ஊர்ப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.