கண்ணாடிகளைப் பிடுங்கி வைத்த சனிக்கிழமை: தாம்பரத்திலிருந்து கோவளம் குப்பத்துக்கு

பல் மருத்துவ மாணவர்களை ஊர்ப்பக்கம் அழைத்துப்போக நினைக்கும் ஆசிரியர்கள் சிலர் வழி கேட்டிருந்தார்கள். பொங்கல் விடுமுறை முடிந்த சனிக்கிழமை நாங்கள் போன வழியைச் சொல்கிறேன். அன்று நான் செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நோய் வருவதற்கு முன்பே மக்களிடம் பேசித் தடுப்பது எப்படி என்று இறுதியாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தப் பிள்ளைகளோடு ஒரே தலைவலி, யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "ஆ காட்டுங்க" என்பதுதான். எதிரில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார், ஏன் புகையிலை போடுகிறார் என்பதெல்லாம் காதில் ஏறாது. அதனால் வேன் கிளம்பியதுமே, வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடிகளையும் டார்ச்சுகளையும் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "இன்னைக்குப் பேச்சு மட்டும்தான். யாராவது வாயைத் திறக்கச் சொன்னா மார்க் கிடையாது" என்றேன். என்ன ஒரு யோசனை என்று எனக்கே பெருமை வேறு.

தாம்பரத்தில் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம். வேன் வாடகை டீசலோடு 4,500 ரூபாய். "லேட்டா கெளம்பினா கேளம்பாக்கம் சிக்னல்ல பேஜாராயிடும் மேடம்" என்று டிரைவர் பாபு அண்ணன் அவசரப்படுத்தியது நல்லதாகப் போயிற்று. ஏலத்தில் மீன் எடுத்த பெண்கள் விற்கக் கிளம்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

ஜெனிஃபர் என்ற மாணவி, கன்னியம்மா என்ற மீன்காரம்மாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தார். எப்போது பழகியது, கூடையோடு அலையும்போது பசி தெரியாமல் இருக்க எத்தனை முறை போடுவார் என்று பேச்சு வளர்ந்தது. அதட்டலும் இல்லை, உபதேசமும் இல்லை. தள்ளி நின்று கேட்ட நான் பூரித்துப்போனேன்.

அப்போது கன்னியம்மா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க உள்ள எரியுது கண்ணு. காரம் பட்டா உயிரு போவுது. இன்னான்னு கொஞ்சம் பாரேன்."

ஜெனிஃபர் என்னிடம் ஓடி வந்தாள். "மேம், ஒரே நிமிஷம். மிரர் குடுங்களேன்."

ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், நாளே பாழாகிவிடும் என்று நினைத்தேன். "திங்கக்கிழமை காலேஜுக்கு வரச் சொல்லு. ஃப்ரீயா பாப்பாங்க." கன்னியம்மா "சரிம்மா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புகையிலை போடுகிறவருக்கு வாய் எரிந்தால் அது புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். இது எனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் நானே நடத்துகிற பாடம்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை நானும் ஜெனிஃபரும் கேளம்பாக்கம் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலும் போனோம். இந்த முறை கண்ணாடி கையில் இருந்தது. கன்னியம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எப்டியோ தைரியம் வந்து கேட்டுட்டேன். இப்ப பயமா கீதும்மா. நீ பாத்து எதுனா சொல்லிட்டா நான் இன்னா பண்ணுவேன்? வேணாம், வுட்டுடு."

தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஜெனிஃபர் கெஞ்சினாள். அவர் மசியவில்லை. திரும்பும்போது வண்டலூர் தாண்டியதும் ஜெனிஃபர், "உங்களைக் கேக்காமலே பாத்திருக்கணும் மேம்" என்றாள். கேட்டு நடக்கத்தான் நான் அவளைப் பழக்கியிருந்தேன்.

போகிறவர்கள் ஏழு மணிக்குள் கிளம்புங்கள், குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது சிகிச்சை தேவைப்பட்டால் அன்றே கூட்டிவர வேனில் இரண்டு இருக்கைகளைக் காலியாக வையுங்கள். பிள்ளைகளுக்குப் பேசக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். ஆனால் ஒருவர் தானாக வந்து பார்க்கச் சொன்னால், பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஜெனிஃபர் இப்போதும் சனிக்கிழமைகளில் தனியாகப் போய் வருகிறாள். கன்னியம்மா எப்படி இருக்கிறார் என்று போன வாரம் கேட்டேன்.

"நல்லாத்தான் பேசுறாங்க மேம். முந்தானையால வாயை மூடிக்கிட்டே பேசுறாங்க."